ஒரு செம்பு பால் வீட்டுக்கு

(தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நடைபெற்ற மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. வேலை காரணமாக வர முடியாமல் போனவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, களைப்போடு களைப்பாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் அதிக நேரம் எடுக்க மாட்டோம். இன்றைக்கு நாங்கள் பேச வந்தது தயிர், மோர், லஸ்ஸி பற்றி. "இதுக்கா ஒரு கூட்டம்? மோர் கரைக்க எங்களுக்குத் தெரியாதா?" என்று சில பேர் சிரிக்கிறது தெரிகிறது. உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் வீட்டில் மோர் இல்லை என்பதைத்தான் பேச வந்திருக்கிறோம்.

போன மாதம் நாங்கள் லயங்களுக்கு வீடு பார்க்கப் போனோம். ஒரு வீட்டில் நல்ல கறவை மாடு. தொழுவம் சுத்தமாக இருந்தது. காலையில் கறந்த பால் கேனோடு பால் சேகரிக்கும் நிலையத்துக்குப் போய்விட்டது. அந்த வீட்டு அக்கா எங்களை இஸ்தோப்பில் உட்காரச் சொல்லிவிட்டு, "ஐயா, கோவிச்சுக்காதீங்க, பால் எல்லாம் கொடுத்தாச்சு, வெறுந்தேத்தண்ணிதான் இருக்கு" என்றார். எங்களுக்கு வெறுந்தேத்தண்ணி போதும். ஆனால் பக்கத்தில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று ரொட்டியை அதே வெறுந்தேத்தண்ணியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தது. மாட்டுக்குப் புல் அறுக்கிறது அந்தப் பிள்ளையின் அப்பா. பால் கறக்கிறது அம்மா. பால் குடிக்கிறது யாரோ.

மாட்டுக் கடன் கட்ட வேணும், கடைக்குக் கணக்குத் தீர்க்க வேணும். பாலை விற்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கேனில் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு செம்பு பால் வீட்டுக்கு எடுத்து வையுங்கள். அரை லீற்றர் போதும். அந்த அரை லீற்றரை எப்படி வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் போய்ச் சேர வைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

பால் கொடுக்கிற வீட்டில் இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். வீட்டுப் பாலை விற்றுவிட்டு, அந்தக் காசில் பிள்ளை கேட்கிறது என்று சோடாப் போத்தல் வாங்குகிறோம். சோடாவில் இருப்பது சீனியும் சாயமும் காற்றும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக இருக்கிறது. 2022ஆம் ஆண்டு கடைகளில் பால்மா இல்லாமல் வரிசையில் நின்ற நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தொழுவத்தில் மாடு கட்டியிருந்த வீட்டுக்காரர்களும் அந்த வரிசையில் நின்றார்கள்.

இது நம் ஊர்ப் பழக்கம்

நம் பாட்டன் பூட்டன்மார் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவர்கள். அந்த ஊர்களில் சித்திரை வெயிலில் கோவில் வாசலில் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். தேர் பார்க்க வந்தவர், வழிப்போக்கர், யார் எவர் என்று பாராமல் எல்லோருக்கும் மோர் ஊற்றுவார்கள். இங்கேயும் நம் மாரியம்மன் திருவிழாவில் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு மோரும் சக்கரைத் தண்ணியும் கொடுக்கிற வழக்கம் பல தோட்டங்களில் உண்டு.

இந்தியாவில் ஒவ்வொரு பக்கத்திலும் இதற்கு ஒரு பெயர். நமக்கு மோர். கன்னடக்காரருக்கு மஜ்ஜிகே, தெலுங்கருக்கு மஜ்ஜிக, மலையாளிக்குச் சம்பாரம். குஜராத்தில் சாஸ் என்பார்கள். பஞ்சாபில் கோதுமை வயல் வேலைக்காரருக்கு லஸ்ஸி. உற்றுப் பாருங்கள், எல்லா இடத்திலும் இது உழைக்கிறவர் குடிக்கிற குடி.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் தமிழ் வாத்தியார் பெரும்பாணாற்றுப்படையில் வருகிற ஆயர் பெண்ணைப் பற்றிச் சொல்லுவார். விடியப் புறத்தில் தயிர் கடைந்து, வெண்ணெயை எடுத்துவிட்டு, மோர்ப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு போய் விற்கிறாள். மோர் விற்ற தானியத்தில் தன் சுற்றத்தார் எல்லோருக்கும் சோறு போடுகிறாள். நெய்க்குப் பொன் கொடுத்தாலும் வாங்காமல் அதற்கு எருமையும் பசுவும் கன்றும் வாங்கிக்கொள்கிறாள். அவளும் வியாபாரக்காரிதான். ஆனால் அவள் வியாபாரத்தில் சொந்த சனத்தின் வயிறு நிறைந்தது.

நாங்கள் பட்ட அவமானம்

இப்போது செய்முறைக்கு வருவோம். முதலில் நாங்கள் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மேல்மலைத் தோட்டத்தில் தயிர் போடக் காட்டிக் கொடுக்கப் போனோம். பால் காய்ச்சினோம், ஆற வைத்தோம், பேச்சுப் பேசிக்கொண்டே நன்றாக ஆறவிட்டு உறை மோர் ஊற்றினோம், மூடி வைத்தோம். "நாளைக்குக் காலையில் வாருங்கள், கத்தியால் வெட்டுகிற மாதிரித் தயிர் இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னோம். மறுநாள் முப்பது பேர் முன்னால் மூடியைத் திறந்தால் பால் பாலாகவே இருந்தது. எங்களுக்குத் தலை நிமிரவில்லை. அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஓர் அப்பாயி எழுந்து வந்து பானையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன் ஐயா, பச்சப் புள்ளையக் குளுருல போட்டா தூங்குமா? அதுக்கும் ஒரு கம்பளி போத்தி வுடணும்ல."

அந்த அப்பாயி சொன்னதுதான் முழுப் பாடமும். தயிரை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள். அவை பாலில் உள்ள இனிப்பைத் தின்று புளிப்பாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பில்தான் பால் உறைகிறது. இந்தக் கிருமிகளுக்கு 40 முதல் 45 பாகை செல்சியஸ் வரையான இளஞ்சூடு வேணும். நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் குளிர் 10 பாகைக்கும் கீழே இறங்கும். அந்தக் குளிரில் அவை வேலை செய்யாது. கீழ்நாட்டில் சும்மா மூடி வைத்தாலே தயிராகும். நம் மலையில் போர்த்தித்தான் வைக்க வேணும்.

தயிர் போடும் முறை

முதலாவது, பால். எந்தப் பாலாக இருந்தாலும் பொங்கக் காய்ச்ச வேணும். பச்சைப் பாலில் காசநோய், மாட்டிலிருந்து வருகிற காய்ச்சல் போன்றவற்றின் கிருமிகள் இருக்கலாம். பொங்கி வந்த பிறகு தீயைக் குறைத்து, கிண்டிக்கொண்டே பத்து நிமிஷம் வைத்தால் தயிர் கெட்டியாக வரும். மாட்டுக்கு நோய் கண்டு ஊசி போட்டிருந்தால் மிருக வைத்தியர் சொல்லுகிற நாள் வரைக்கும் அந்தப் பாலை வீட்டுக்கும் எடுக்காதீர்கள், விற்கவும் வேண்டாம். அந்த மருந்து பாலில் வரும். தயிரும் சரியாக உறையாது.

இரண்டாவது, சூடு. பால் ஆறுகிற நேரத்தில் சுத்தமாகக் கழுவிய சுண்டு விரலை வைத்துப் பாருங்கள். பத்து எண்ணும் வரைக்கும் விரல் தாங்க வேணும், ஆனால் சூடு நன்றாகத் தெரிய வேணும். அதுதான் பக்குவம். விரல் சுட்டால் கிருமி செத்துப் போகும். விரலுக்குச் சூடே தெரியாவிட்டால் எங்களுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

மூன்றாவது, உறை மோர். அரை லீற்றர் பாலுக்கு ஒரு தேக்கரண்டித் தயிர் போதும். குளிர் கூடிய மாதங்களில் இரண்டு தேக்கரண்டி போடலாம். தயிரைக் கொஞ்சம் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு முழுப் பாலிலும் ஊற்றிக் கலக்குங்கள். அதிகம் போட்டால் சீக்கிரம் உறையும் என்று நினைத்து அள்ளிப் போட வேண்டாம், புளித்துத் தண்ணி விட்டுவிடும். பக்கத்து வீட்டில் தயிர் இல்லையா? கடையில் விற்கிற சட்டித் தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீனி போடாத கப் யோகட்டும் உதவும். ஆனால் சில யோகட்டில் ஜெலட்டின் சேர்ப்பதால், மச்சம் சாப்பிடாத வீட்டுக்காரர் கப்பில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால், அந்தக் காலத்துப் பாட்டிமார் செய்த மாதிரி, கழுவிய பச்சை மிளகாய்க் காம்பு ஐந்தாறை இளஞ்சூட்டுப் பாலில் போட்டு மூடி வையுங்கள். முதல் நாள் உறைவது அவ்வளவு ருசியாக இருக்காது. அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த நாள் பாலுக்கு ஊற்றினால் நல்ல தயிர் வரும்.

நான்காவது, போர்வை. உறை ஊற்றிய பாத்திரத்தை மூடி, பழைய கம்பளியால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மலைக்குக் கொண்டுபோய்க் கிழிந்த கம்பளி எந்த வீட்டில் இல்லை? நன்றாகத் துவைத்துக் காய வைத்து இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு பலகைப் பெட்டியில் காய்ந்த மானாப்புல்லைப் பரப்பி, நடுவில் பாத்திரத்தை வைத்து, மேலேயும் புல்லைப் போட்டு மூடினால் இன்னும் நல்லது. இராச் சமையல் முடிந்து தணல் அவிந்த அடுப்பு மேட்டிலும் வைக்கலாம். வாய் அகன்ற பிளாஸ்க் இருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டு அதிலேயே உறை ஊற்றலாம்.

ஐந்தாவது, பொறுமை. வைத்த இடத்தில் அசைக்கக் கூடாது. சூடு நின்றால் ஆறு முதல் எட்டு மணித்தியாலத்தில் உறையும். நம் குளிருக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கூட ஆகலாம். இரவு ஏழு மணிக்கு ஊற்றி வைத்தால் காலையில் வேலைக்குப் போகும் முன்னால் பார்க்கலாம்.

மண் சட்டி, சில்வர், கண்ணாடி, இவற்றில் போடுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் வேண்டாம், புளிப்பு அந்த உலோகத்தை அரிக்கும். மண் சட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கொதி தண்ணி ஊற்றிக் கழுவி வெயிலில் காய வையுங்கள். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும் என்று நாம் சொல்லுவோம். அழுக்குக் கரண்டி ஒன்று அந்தத் துளிதான்.

மாடு இல்லாத வீட்டுக்காரர் மனம் தளர வேண்டாம். லயத்தில் மாடு வைத்திருக்கிறவரிடம் அரை லீற்றர் பால் வாங்கலாம். அதுவும் முடியாவிட்டால் பால்மாவிலும் தயிர் போடலாம். ஒரு லீற்றர் கொதித்த தண்ணிக்கு ஏறக்குறைய 125 கிராம் முழு ஆடைப் பால்மா. 400 கிராம் பக்கெட் ஒன்றில் மூன்று லீற்றருக்குக் கொஞ்சம் கூடவே வரும். கட்டியில்லாமல் கரைத்து, விரல் தாங்குகிற சூட்டில் உறை ஊற்றுங்கள்.

அரை லீற்றரைப் பங்கு போடுதல்

அரை லீற்றர் பாலில் அரை லீற்றர் தயிர் வரும். அதில் ஒரு கோப்பையைப் பிள்ளைகளுக்கு எடுத்து வையுங்கள். மிச்சம் ஒன்றரைக் கோப்பைக்கு நாலரைக் கோப்பை தண்ணி சேர்த்தால் பெரியவர்களுக்கு ஆறு கோப்பை மோர். ஆக, ஒரு செம்பு பால் வீடு முழுவதற்கும் வந்துவிட்டது.

ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேணும். ஒரு லீற்றர் பசும்பாலில் ஏறக்குறைய 32 கிராம் புரதமும் 1,200 மில்லிகிராம் கல்சியமும் இருக்கின்றன. தண்ணி ஊற்றினால் மோர் பெருகும், சத்துப் பெருகாது. அதனால்தான் கெட்டியானது வளருகிற பிள்ளைக்கும் பிள்ளை சுமக்கிற தாய்க்கும் முதலில் போக வேணும் என்கிறோம். பெரியவர்களுக்கு மோர் தாகத்துக்கும் வாய்க்கும் நல்லது. பால் குடித்தால் வயிறு ஊதுகிறது என்று சொல்லுகிற சிலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் பாலில் உள்ள அந்த இனிப்பில் ஒரு பங்கைக் கிருமிகளே தின்றுவிடுகின்றன.

இனி வகைகளைச் சொல்லுகிறோம். எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நீர்மோர்: தயிர் ஒரு கோப்பை, கொதித்தாறிய தண்ணி மூன்று கோப்பை. இஞ்சி ஒரு சிறு துண்டு, பச்சை மிளகாய் பாதி, கறிவேப்பிலை ஐந்தாறு இலை, இவற்றை அம்மியில் தட்டிப் போடுங்கள். உப்புக் கால் தேக்கரண்டி, பெருங்காயம் ஒரு சிட்டிகை. மத்து இருந்தால் கடையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு செம்பு எடுத்து, தேத்தண்ணி ஆத்துகிற மாதிரி உயரத் தூக்கி மாத்தி மாத்தி ஆத்துங்கள். அந்தக் கைப்பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

சம்பாரம்: மலையாள நாட்டு முறை. மேலே சொன்னதோடு சின்ன வெங்காயம் நாலைந்தை நசுக்கிப் போட வேணும். கால் மணித்தியாலம் ஊறவிட்டு வடித்தும் குடிக்கலாம், வடிக்காமலும் குடிக்கலாம்.

சாஸ்: குஜராத் முறை. நற்சீரகத்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, நுணுக்கி, உப்போடு மோரில் தூவுவார்கள். பெருஞ்சீரகத்தைப் போட்டு விடாதீர்கள், ருசி மாறிவிடும்.

தாளித்த மோர்: இது நம் குளிருக்கு ஏற்றது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, செத்தல் மிளகாய் ஒன்று, கறிவேப்பிலை தாளித்து மோரில் கொட்டுங்கள். குளிர்ந்த தண்ணிக்குப் பதிலாக இளஞ்சூட்டுத் தண்ணியில் மோரைக் கரைக்கலாம். அடுப்பில் வைத்துக் கொதிக்க விடக் கூடாது, திரிந்துவிடும்.

லஸ்ஸி: பஞ்சாப் முறை. கெட்டித் தயிர் ஒரு கோப்பைக்குத் தண்ணி கால் கோப்பைதான். சீனி இரண்டு தேக்கரண்டி, ஏலக்காய் ஒன்று பொடித்தது. நுரை வரக் கடைய வேணும். பஞ்சாபில் பெரிய டம்ளரில் ஊற்றி, மேலே ஒரு கட்டிப் பாலாடை போட்டுக் கொடுப்பார்கள். உப்புப் போட்ட லஸ்ஸியும் அங்கே உண்டு. நமக்குச் சீனிக்குப் பதில் கித்துள் பாணி இருக்கிறது. நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து போட்டால் சீனியே தேவையில்லை. ஒரு கோப்பைத் தயிரில் பிள்ளைகள் இரண்டு பேருக்கு வரும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள், சோடாவைத் தேடாது.

பாலாடையைத் தினமும் எடுத்து ஒரு சட்டியில் சேர்த்து உறைய வைத்து, ஐந்தாறு நாளுக்கு ஒரு தடவை கடைந்தால் வெண்ணெய் வரும். ஒரு பெரிய ஜாம் போத்தலில் பாதி ஊற்றி, மூடியை இறுக்கி, பிள்ளைகள் கையில் கொடுங்கள். குலுக்கு குலுக்கென்று குலுக்கி விளையாட்டாகவே எடுத்துவிடுவார்கள். குளிரில் வெண்ணெய் திரளாமல் அடம் பிடித்தால் ஒரு கை இளஞ்சூட்டுத் தண்ணி சேருங்கள். கீழ்நாட்டில் இதற்கே குளிர்ந்த தண்ணி ஊற்றுவார்கள்.

தயிர் புளித்துவிட்டால் கொட்ட வேண்டாம். பூசணியோ புடலங்காயோ போட்டு மோர்க்குழம்பு வைக்கலாம், மிளகாயை அதில் ஊற வைத்து வெயிலில் காயப் போட்டு மோர் மிளகாய் செய்யலாம். ஆனால் பச்சை, கறுப்பு, சிவப்பு என்று பூஞ்சணம் கண்டாலோ கெட்ட வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கரைத்த மோரை அன்றைக்கன்றே முடித்துவிட வேணும்.

கவனிக்க வேண்டியவை

தண்ணியைப் பற்றித் திரும்பவும் சொல்லுகிறோம். பாலைப் பொங்கக் காய்ச்சிவிட்டு, பீலித் தண்ணியை அப்படியே மோரில் ஊற்றினால் காய்ச்சினதில் பிரயோசனம் இல்லை. மலை மேலே என்ன கிடக்கிறது, யார் என்ன மருந்து அடித்தார் என்று நமக்குத் தெரியாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. ஆகவே மருந்து அடித்த நாட்களில் அந்தப் பீலியில் பிடிக்காமல் வேறு இடத்தில் எடுங்கள். எடுத்த தண்ணியைக் கொதிக்க வைத்து ஆற வைத்து ஊற்றுங்கள்.

ஆறு மாதம் வரைக்கும் பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். மோர் ஒரு சொட்டும் வேண்டாம். அதற்குப் பிறகு சோற்றோடு கொஞ்சம் புளிக்காத தயிரைப் பிசைந்து கொடுக்கலாம், உப்பும் சீனியும் இல்லாமல். ஆனால் ஒரு வயது வரைக்கும் மாட்டுப் பால் தாய்ப்பாலின் இடத்துக்கு வரக் கூடாது.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் மோர் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். ஜீவனி கரைத்துக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், சோர்ந்து போனாலோ கண் உள்ளே போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கிளினிக்கில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை விழுங்கும் தாய்மார் இதைக் கட்டாயம் கேட்க வேணும். அந்த மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. பாலோடும் மோரோடும் விழுங்கினாலும் அப்படித்தான். கொதித்தாறிய தண்ணியில் தேசிக்காய் பிழிந்து அதோடு விழுங்குங்கள். முன்னும் பின்னும் இரண்டு மணித்தியாலம் தேத்தண்ணியும் மோரும் வேண்டாம். சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடிக்கிற பழக்கமும் இரத்தச் சோகைக்கு ஒரு காரணம். ஒரு மணித்தியாலம் பொறுங்கள். மோருக்கு நல்ல நேரம் பத்து மணி. பள்ளிப் பிள்ளைக்குப் பின்னேரம்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில்லாத மோர் குடியுங்கள். ஒரு பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் கூடாது. சீனி வருத்தக்காரர் இனிப்பு லஸ்ஸியைத் தொட வேண்டாம், நீர்மோர் போதும்.

"மோர் குடிச்சா சளி புடிக்கும் ஐயா" என்று சொல்லுவீர்கள். சளிக்காய்ச்சல் ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குத் தொற்றுகிறது. மோர் கொண்டு வருவதில்லை. ஆனாலும் மழை நாளில் குளிரக் குளிர யார் குடிக்கச் சொன்னது? தாளித்து, இளஞ்சூட்டில் குடியுங்கள். இரவில் வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் பகலில் குடியுங்கள். அதில் நமக்குச் சண்டை இல்லை.

முடிவாக ஒரு வார்த்தை

நாங்கள் முதலில் சொன்ன அந்த வீட்டுக்குத் திரும்பவும் போனோம். அந்த அக்காவின் மாமியார் அடுப்படி மேலே ஒரு மூலையில் சொருகியிருந்த பழைய மத்தை எடுத்துக் காட்டினார். புகையில் கறுத்துப் போயிருந்தது. "இது எங்க ஆத்தா கொண்டாந்தது. நான் கடைஞ்சேன். இவளுக்குக் கடையப் பால் இல்லாமப் போச்சு" என்றார். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. கடைக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் பார்த்தார். பிறகு, "அரை லீற்றர்தானே ஐயா, புல்லு இன்னும் ஒரு கட்டு அறுத்தாச் சரியாப் போகும்" என்றார்.

இந்த மாதம் நாங்கள் போனபோது அந்தச் சின்னப் பிள்ளைக்கு மூக்கில் எல்லாம் தயிர். எங்களுக்கும் ஒரு கோப்பை மோர் கிடைத்தது. நல்ல மோர். இஞ்சி கொஞ்சம் கூட.

இந்தக் கூட்டத்தில் எத்தனை வீட்டில் கேன் இருக்கிறது என்று நாங்கள் கேட்கப் போவதில்லை. நாளைக்குக் காலையில் கறந்து முடிந்ததும், கேனின் மூடியைத் திறக்கும் முன்னால், பக்கத்தில் ஒரு செம்பை வையுங்கள். முதலில் அது நிறையட்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு போத்தல் மோர் கொண்டு வாருங்கள். யார் வீட்டு மோர் நல்லது என்று பிள்ளைக் காம்பராப் பிள்ளைகளே சொல்லட்டும். எங்கள் வீட்டு மோரும் வரும்.